வரிசையில் முதல் ஆள்

இன்று பஸ் ஏற வேண்டியிருக்கவில்லை, மேடம். ஆறு வருடமாக, வாரத்தில் ஆறு நாள், விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குப் போய் வருகிறேன். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வண்டிகள் நின்றுவிட்டால் அதற்கும் மேலே. உங்கள் விசாரணை அலுவலகம் என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான் என்பதால் காலையில் உட்கார்ந்து காபி குடித்தேன். ஆறின காபியையே குடித்துப் பழகிய நாக்கு, சூடு தாங்காமல் கொஞ்சம் பொத்துவிட்டது. பேசும்போது வார்த்தை தடுமாறினால் அதனால்தான்.

பெயர் ஆரோக்கியசெல்வி. வயது நாற்பத்தொன்று. நெஞ்சு எக்ஸ்ரே படத்தைப் பார்த்து, காசநோய்ச் சந்தேகம் உண்டா இல்லையா என்று சொல்கிற மென்பொருள் எங்கள் கம்பெனியுடையது. அதை ஏற்றிய வேன் காணை, வளவனூர், திருவெண்ணெய்நல்லூர் என்று சுற்றுகிறது. சந்தேகம் என்று வந்தால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். இல்லை என்று வந்தால் வீட்டுக்குப் போகலாம். அந்த மென்பொருளின் பெரும்பகுதியை எழுதியவள் நான்.

சங்கவியின் கடிதம் உங்கள் மேசையில் இருக்கிறது. அவள் எங்கள் கம்பெனியில் சோதனைப் பிரிவு. "கம்பைலரில் இருந்த பிழையாலும், அதைச் சோதனையில் கண்டுபிடிக்க நான் தவறியதாலும்" என்று இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாள். அந்தக் கம்பைலர் என்ன செய்கிறது என்று விளக்கத்தான் என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கிறீர்கள். விளக்குகிறேன். கஷ்டமான விஷயம் இல்லை.

நாங்கள் எழுதுவது மனிதர்கள் படிக்கக்கூடிய எழுத்து. கம்பைலர் அதை இயந்திரம் புரிந்துகொள்ளும் கட்டளையாக மாற்றித் தரும் மென்பொருள். வேனில் இருக்கிற கம்ப்யூட்டரில் வேலை செய்கிற இடம் இரண்டு. ஒன்று சி.பி.யு., எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருப்பது. இன்னொன்று ஜி.பி.யு., கிராபிக்ஸ் கார்டில் இருப்பது. ஒரே வகைக் கணக்கை ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் போடும். ஒரு எக்ஸ்ரேயை சி.பி.யு. ஒன்பது விநாடியில் படித்தால், ஜி.பி.யு. ஒரு விநாடிக்குள் படித்துவிடும். இரண்டுக்கும் மொழி வேறு, நினைவகமும் தனித்தனி. அதனால் கம்பைலர் நாங்கள் எழுதிய ஒரே கோப்பை இரண்டு தடவை படிக்கும். ஒரு தடவை சி.பி.யு.வுக்கான கட்டளையைச் செய்யும், இன்னொரு தடவை ஜி.பி.யு.வுக்கானதை.

நான் எழுதியதில் லாம்டா என்று ஒன்று உண்டு. பெயர் வைக்காமல், தேவைப்பட்ட இடத்திலேயே எழுதிவிடுகிற சின்னச் செயல்பாடு அது. நாங்கள் பெயர் வைக்காவிட்டாலும் கம்பைலர் தனக்குள் ஒரு பெயர் வைத்துக்கொள்ளும். இரண்டு தடவையும் ஒரே பெயரை வைத்தால்தான் இந்தப் பக்கம் கூப்பிட்டதை அந்தப் பக்கம் அடையாளம் தெரிந்துகொள்ளும். அதை ஒழுங்காகச் செய்கிறது. இந்த லாம்டாவுக்கு வெளியே இருக்கிற ஒரு எண் வேண்டுமென்றால் இரண்டு வழி. அந்த எண் இருக்கிற முகவரியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் போய்ப் பார்க்கலாம். இல்லையென்றால், தான் உருவாகும்போதே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம். நகல் எடுத்துக்கொண்டால், வெளியே எண் மாறினாலும் அதற்குத் தெரியாது. எது வேண்டும் என்பதை நாங்கள் ஒரே ஒரு குறியால் சொல்லுவோம்.

எங்கள் மென்பொருளில் அப்படி ஒரு எண் இருக்கிறது. எல்லை எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்துக்கு மென்பொருள் ஒரு மதிப்பெண் போடும். அது எல்லை எண்ணைத் தாண்டினால் சந்தேகம். வயதானவர்களின் நுரையீரலில் பழைய தழும்பெல்லாம் இருக்கும் என்பதால் அவர்களுக்கு எல்லை எண் அதிகம். இளம் வயதுக்குக் குறைவு. ஆளுக்கு ஆள் மாற வேண்டிய எண் அது.

சி.பி.யு.வில் முகவரி வழியாகப் பார்க்கும்படி எழுதியிருந்தேன். ஆள் மாறினால் எண்ணும் மாறும், சரியாக வேலை செய்தது. அதையே ஜி.பி.யு.வுக்குக் கொண்டுபோனபோது, சி.பி.யு. நினைவகத்தின் முகவரி அங்கே செல்லாது என்பதால் வேனில் ஓட்டிப் பார்த்த முதல் நாளே மென்பொருள் ஓடாமல் நின்றுவிட்டது. எனவே ஜி.பி.யு. பக்கத்துக்கு மட்டும் குறியை மாற்றி நகல் எடுக்கச் சொன்னேன். அது சரியான வைத்தியம்தான். ஆனால் லாம்டாவை ஒவ்வொரு ஆளுக்கும் புதிதாக உருவாக்கியிருக்க வேண்டும். நான் வேகத்துக்காக, காலையில் முதல் படம் வரும்போது ஒருமுறை உருவாக்கி, நாள் முழுக்க அதையே ஓட்டும்படி ஏற்கெனவே அமைத்திருந்தேன். அதை மாற்ற மறந்துவிட்டேன்.

விளைவு என்னவென்று உங்களுக்கே தெரிந்திருக்கும். காலையில் வரிசையில் முதலில் நின்றவரின் எல்லை எண்தான் அன்றைக்கு வந்த அத்தனை பேருக்கும்.

கம்பைலர் ஒன்றும் சொல்லவில்லை. எழுதியது இலக்கணப்படி சரியாக இருந்தால் அது வாயைத் திறக்காது. திண்டிவனத்தில் சோதனை செய்கிற கம்ப்யூட்டர்களில் கிராபிக்ஸ் கார்டு கிடையாது. அங்கே எல்லாம் சி.பி.யு.வில்தான் ஓடும். எல்லாம் சரியாகவே வந்தது. ஆகவே மேடம், கம்பைலரில் பிழை இல்லை. அந்த வரியை அடித்துவிடலாம்.

எப்போது தெரியவந்தது என்று கேட்கிறீர்கள். இதுவரை எல்லாரும் என்ன நடந்தது என்றுதான் கேட்டார்கள். எப்போது என்று கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். யார் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன்.

போன வருடம் ஜூலையில். மென்பொருள் வேனில் ஏறி மூன்று வாரம் ஆகியிருந்தது. எங்கள் முதலாளி வெங்கடாசலம் காலையிலேயே என் மேசைக்கு வந்தார்.

"என்னம்மா இது, நேத்து வளவனூர்ல நூத்துக்கு நாப்பது பேருக்குச் சந்தேகம்னு வந்துகினு இருந்துச்சாம். அத்தினி பேரையும் சளி டெஸ்ட்டுக்கு அனுப்புனா ஊரே சண்டைக்கு வருது. முந்தா நாள் காணையில மூணே பேரு. இன்னா கணக்கு இது? பெரிய பேஜாரா இருக்குது."

"பாக்குறேன் சார்," என்றேன்.

அன்று சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்துவிட்டேன். வளவனூரில் முதலில் நின்றது பத்தொன்பது வயதுப் பெண். காணையில் முதலில் நின்றது எழுபத்தாறு வயதுக் கிழவர். அவ்வளவுதான் வித்தியாசம். திருத்த நான்கு நிமிடம் போதும். ஒரு வரியை நான்கு வரி கீழே இறக்க வேண்டும்.

ஆனால் விதிமுறை ஒன்று இருக்கிறது. ஒப்புதல் வாங்கிய மென்பொருளில் ஒரு எழுத்தை மாற்றினாலும் சோதனை முழுவதையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். ஆயிரம் படம், எண்பது பக்க அறிக்கை, வெளியிலிருந்து வருகிற நிபுணர்களுக்கு விளக்கம். அதை அப்போதுதான் ஏழு மாதம் செய்து முடித்திருந்தேன். அந்த ஏழு மாதத்தில் நான் வீட்டில் சமைத்த நாளை விரல் விட்டு எண்ணிவிடலாம். என் கணவர் பிரான்சிஸ், ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பூசையில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டதைப் பார்த்து, "வேலைய விட்டுடேன்," என்றார். விடலாம் என்றுகூட இருந்தது. விடுவதற்கு ஒரு கடிதம் எழுத வேண்டுமே என்று அசதியாக இருந்தது.

வேறு பெரிய காரணம் எதையும் நீங்கள் எதிர்பார்த்தால் என்னிடம் இல்லை. யார் மேலும் கோபம் இல்லை. யாரும் என்னை மிரட்டவில்லை. களைப்பு மட்டும்தான்.

மென்பொருளைத் திருத்தவில்லை. வரிசையைத் திருத்தினேன்.

வேனில் எக்ஸ்ரே எடுக்கிறவள் அமல்ராணி. நல்ல பெண். தினமும் காலையில் பஸ்ஸிலிருந்து அவளுக்குப் போன் செய்வேன்.

"அமலா, இன்னிக்கு கூட்டம் எப்டி?"

"அம்பது பேரு நிக்கிறாங்கக்கா."

"வயசானவங்க யாராச்சும் இருந்தா அவங்கள முதல்ல கூப்டு. எழுபது தாண்டினவங்களா பாரு. பாவம், வெயில்ல நிக்க வெச்சிக்கினு இருக்காத."

"உங்களுக்குத்தான்க்கா இந்த மனசு வரும்," என்பாள்.

வயதானவரின் எல்லை எண் எல்லாருக்கும் போய்விட்டால் சந்தேகம் என்று வருகிறவர்கள் குறைவு. ஊரில் சண்டை இல்லை. வெங்கடாசலம் சார் முகத்தில் சிரிப்பு வந்தது. எண்கள் நாளுக்கு நாள் குதிக்காமல் ஒரே சீராக இருந்தன. வெயிலில் நின்ற முதியவர்களுக்கும் அது நல்லதுதானே. பதினொரு மாதத்தில் ஒரு முதியவர்கூட மயங்கி விழவில்லை. அமல்ராணியைக் கேட்டுப் பாருங்கள்.

செப்டம்பரில் சங்கவி வந்து நின்றாள். இருபத்தொன்பது வயது. எதையும் இரண்டு தடவை பார்க்கிறவள்.

"அக்கா, நாம டெஸ்ட் பண்ணதெல்லாம் சி.பி.யு.ல. வேன்ல ஓடுறது ஜி.பி.யு.ல. சனிக்கிழம வேன் சர்வீஸுக்குத் திண்டிவனம் வருதுல்ல, அந்த மெஷின்லயே இருநூறு படத்த ஓட்டிப் பாத்துடலாமா? எனக்கு மனசு ஒப்பல."

நல்ல யோசனை என்று சொன்னேன். உண்மையிலேயே நல்ல யோசனைதான்.

கிராபிக்ஸ் கார்டு வேலை செய்யாவிட்டால் சி.பி.யு.வில் ஓடட்டும் என்று மென்பொருளில் முன்பே ஒரு மாற்றுவழி வைத்திருந்தோம். வெள்ளிக்கிழமை நான் அதைக் கொஞ்சம் நீட்டினேன். படம் எக்ஸ்ரே கருவியிலிருந்து நேராக வராமல் கோப்புறையிலிருந்து வந்தால், அப்போதும் சி.பி.யு.வுக்கே போகட்டும் என்று. சோதனைப் படங்கள் கோப்புறையிலிருந்துதான் வரும். சனிக்கிழமை அவள் இருநூறு படத்தையும் ஓட்டினாள். இருநூறும் பழைய விடைகளோடு அச்சாக ஒத்துப்போயின. அவள் கையெழுத்துப் போட்டாள். அந்த மாற்றத்தை நான் பதிவேட்டில் ஏற்றவில்லை.

அதைச் செய்ததற்குப் பதிலாகப் பிழையையே திருத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். இரண்டுக்கும் அதே நான்கு நிமிடம்தான். ஆனால் திருத்தினால் மறுநாளிலிருந்து ஊர்களில் எண்ணிக்கை ஏறும். ஏன் ஏறியது என்று யாராவது கேட்பார்கள். இப்படிச் செய்ததால் யாரும் எதையும் கேட்கவில்லை.

நவம்பரில் வளவனூர் முகாமுக்கு நானும் போயிருந்தேன். சங்கவியின் ஊர் அது. அவள் அப்பாவைக் கையோடு கூட்டி வந்திருந்தாள். சீனுவாசன், ஐம்பத்தொரு வயது. மல்லாட்டைக் கடலையும் கரும்பும் போடுகிற சொந்த நிலம் கொஞ்சம் இருக்கிறது. சர்க்கரை நோய் உண்டு. ஒரு மாதமாக இருமல். வரமாட்டேன் என்றவரை அவள்தான் வற்புறுத்திக் கூட்டி வந்தாள்.

அன்று வரிசையில் முதலில் போனவர் எழுபத்தொன்பது வயதுக்காரர். நானே கையைப் பிடித்து வேனில் ஏற்றினேன். சீனுவாசன் பன்னிரண்டாவது ஆள்.

படம் எடுத்துவிட்டு இறங்கி நேராக என்னிடம் வந்தார். மகள் வேலை செய்கிற இடத்தின் பெரியவள் என்று என்மேல் அவருக்கு மரியாதை.

"என்னாம்மா சொல்லுது உங்க மெஷினு?"

அமல்ராணியின் திரையை எட்டிப் பார்த்தேன். அவர் படத்துக்கு மதிப்பெண் ஐம்பத்திரண்டு. அவர் வயதுக்கு எல்லை நாற்பது. அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்த எல்லை அறுபது.

"சந்தேகம் இல்லைன்னு சொல்லுதுங்க," என்றேன். அது பொய் இல்லை. மெஷின் அப்படித்தான் சொன்னது.

"அதான் நான் அப்பவே சொன்னேன். இவதான் கேக்காம இஸ்துக்கினு வந்தா," என்று மகளைப் பார்த்துச் சிரித்தார். சிரித்ததும் இருமல் வந்துவிட்டது. கிளம்பும்போது வேகவைத்த மல்லாட்டை ஒரு பை நிறையக் கொடுத்தார். பஸ்ஸில் தின்றுகொண்டே வந்தேன். நன்றாக முற்றின காய்.

அதன் பிறகு மதியச் சாப்பாட்டில் சங்கவி அவரைப் பற்றிப் பேசுவாள். "அப்பாக்கு இருமல் இன்னும் விடலக்கா. எடையும் கொறைஞ்சிக்கினே வருது. நம்ம மெஷின்லயே பாத்தாச்சு, அது ஒண்ணுதான் தைரியம். எதுக்கும் வெளிய ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாக்கட்டுமா?"

"எதுக்குமா வீணா. இப்பதான எடுத்தோம். சர்க்கரை இருந்தா எடை எறங்கும். மல்லாட்டைத் தூசி வேற. வெந்நீர் குடிக்கச் சொல்லு," என்றேன்.

மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் அதையேதான் சொன்னேன். வெளியே எடுக்கிற எக்ஸ்ரே வேறுமாதிரி சொல்லிவிட்டால் அவள் கேள்வி கேட்கத் தொடங்குவாள். அவள் கேட்கத் தொடங்கினால் நிறுத்த மாட்டாள். எனக்கு அவளிடம் பிரியம் உண்டு. அவள் கையெழுத்தும் அதில் இருக்கிறது என்பதை அவளுக்காகவே யோசித்தேன்.

பிப்ரவரி கடைசியில் சீனுவாசன் ரத்தமாக இருமித் துப்பினார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது இரண்டு நுரையீரலும் போயிருந்தன. மார்ச் ஒன்பதாம் தேதி இறந்தார். சங்கவியின் அம்மாவுக்கும் தொற்றியிருக்கிறது. இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். காரியத்துக்கு நான் போயிருந்தேன். அடுப்படியில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்தேன்.

பதினாறாம் நாள் முடிந்து வேலைக்கு வந்த அன்றைக்கே அவள் பழைய சோதனைக் காகிதங்களை எடுத்து உட்கார்ந்துவிட்டாள். மதியம் என்னிடம் வந்தாள். கையில் ஒரு தாள். செப்டம்பரில் அவள் ஓட்டிய இருநூறு படத்துக்கும் ஆன நேரம் அதில் பதிவாகியிருந்தது. ஒரு படத்துக்கு ஒன்பது விநாடி. ஜி.பி.யு.வாக இருந்தால் ஒரு விநாடிக்கு மேல் ஆகாது. நேரத்தை மறைக்க எனக்குத் தோன்றவே இல்லை. அதில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி.

ஆனால் அவள் என்மேல் சந்தேகப்படவில்லை, மேடம்.

"அக்கா, அன்னிக்கு ஓடுனது சி.பி.யு.லக்கா. நேரம் இங்கியே எழுதியிருக்குது, நான் பாக்கல. பாக்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன். எங்கப்பாவ நானே கூட்டிக்கினு போயி, ஒண்ணுமில்லன்னு நானே வூட்டுக்கு இட்டாந்துட்டேன்." நின்றபடியே அழுதாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தேன்.

அவள் கேட்டது, என்ன செய்யட்டும் என்றுதான். "எழுதிக் குடுத்துடு, மனசு லேசாகும்," என்று நான்தான் சொன்னேன். கம்பைலரில் பிழை என்ற வரியையும் நான்தான் சேர்க்கச் சொன்னேன். பழி மொத்தமும் அவள் தலையில் விழக்கூடாது என்று. கம்பைலருக்கு வேலை போகாது, அழாது. கடிதத்தில் எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்ததும் நான்தான். அடுத்த வாரம் அவளை இடைநீக்கம் செய்தார்கள். அன்று விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். "நீங்க இல்லாட்டி நான் என்ன ஆயிருப்பேனோ தெரியலக்கா," என்றாள். வளவனூர் வழியாகப் போகிற பாண்டிச்சேரி பஸ்ஸில் இடம் பிடித்துக் கொடுத்தேன்.

அந்த வாரமும் காலையில் அமல்ராணிக்குப் போன் செய்தேன். நேற்றும் செய்தேன். இன்று செய்யவில்லை. திருவெண்ணெய்நல்லூரில் இன்று யார் முதலில் நின்றார்கள் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

எத்தனை பேர் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் படங்கள் எல்லாம் திண்டிவனத்துக்கு வரும். நான் நகல் எடுத்து வீட்டு லேப்டாப்பில் ஓட்டிப் பார்ப்பேன். அதில் கிராபிக்ஸ் கார்டு இல்லை, எனவே சரியான விடையைச் சொல்லும். மெஷின் சந்தேகம் இல்லையென்று அனுப்பியவர்களில், உண்மையில் சந்தேகத்துக்கு உரியவர்கள் இந்தப் பதினொரு மாதத்தில் அறுபத்துமூன்று பேர். பட்டியல் என் பையில் இருக்கிறது. பெயர், வயது, போன் நம்பர். ஊர்வாரியாகப் பிரித்து எழுதியிருக்கிறேன், உங்கள் ஆட்கள் தேடிப் போகச் சுலபமாக இருக்கும். ஏழு பெயருக்கு நேரே சிலுவை போட்டிருக்கிறது. அந்த வீடுகளுக்குப் போக வேண்டாம். சிலுவை போட்டதெல்லாம் அமல்ராணியிடம் பேச்சுவாக்கில் விசாரித்துத் தெரிந்துகொண்டது. சீனுவாசனுடையது மட்டும் நானே நேரில் பார்த்தது.

வாரம் தவறாமல் செய்தேன். காய்ச்சலாகக் கிடந்தபோதும் ஒரு வெள்ளிக்கிழமைகூட விடவில்லை. ஒரு தடவைக்கு இரண்டு மணி நேரம் ஆகும். கண் எரியும். இருந்தாலும், யார் யார் என்று ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

இந்த அறுபத்துமூன்று பேரில் யாருக்காவது நான் தகவல் சொன்னேனா என்றா கேட்கிறீர்கள்? சொல்லவில்லை. ஆனால் அவர்களை நான் கைவிட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் போன பிறகு, கோவிலில் உட்கார்ந்து பட்டியலை முழுக்க வாசிப்பேன். ஆளுக்கொரு மெழுகுவத்தி. அவர்களுக்கு வியாதி இருப்பது அவர்களுக்கே தெரியாதபோது, ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி அவர்களுக்காக வேண்டிக்கொண்டவள் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருத்திதான், மேடம்.